எங்கே இருந்தீர்?

(ஜனவரி 30 நினைவு நாளையொட்டி ஆற்றிய உரை)

மேடையிலே பேசியதை ஏட்டிலே தரும்போது கைதட்டல் கழிந்துவிடும். கருத்து மட்டுமே எஞ்சும். எஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள், இதைப் படிக்கும் நீங்கள்.

"காந்தியார் சுடப்பட்டார் என்ற சேதி வந்தபோது நீர் எங்கே இருந்தீர்?" ஒரு காலத்திலே இந்தக் கேள்வி எழாத திண்ணை இல்லை, விடை சொல்லாத முதியவர் இல்லை. களத்து மேட்டில் நின்றேன் என்பார் ஒருவர். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடினேன் என்பார் இன்னொருவர். அன்று அடுப்பு மூட்டவில்லை என்பாள் ஒரு மூதாட்டி. 1948ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. அன்று பத்து வயதுச் சிறுவனாக இருந்தவரும் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். விடை சொல்லக் கூடியோர் அருகி வருகின்றனர். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டுப் பார்க்க விழைகிறேன்.

முதலில் ஒரு செய்தி. மனித நினைவு எத்தன்மையது என ஆராய்ந்தவர்கள் இக்கேள்வியை நெடுங்காலமாகவே கேட்டு வந்துள்ளனர். அமெரிக்கத் தலைவர் லிங்கன் 1865இல் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பதாண்டுகளுக்குப் பின்னர் 179 பேரிடம், "அச்சேதி கேட்டபோது எங்கிருந்தீர்?" என்று வினவினார் ஓர் ஆராய்ச்சியாளர். 127 பேர் இடம், நேரம், சொன்னவர் எனத் தயங்காமல் கூறினர். 1899இல் அந்த ஆய்வு வெளிவந்தது. துயரம் நினைவைக் கல்லில் செதுக்கிவிடுகிறது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால், 1986இல் 'சேலஞ்சர்' விண்கலம் வெடித்து எழுவர் மாண்டபோது, மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தனர். ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து, அதே மாணவர்களிடம் அதே கேள்வியை மீண்டும் கேட்டனர். 44 பேரில் கால் பங்கினர் சொன்னது முழுவதும் மாறிப் போயிருந்தது! தம் கையெழுத்தையே காட்டிய பின்னும், இப்போது சொல்வதே சரி என்று சாதித்தாராம் சிலர்.

ஆகவே, எங்கே இருந்தோம் என்ற நினைவிலே பிழை புகுதல் இயல்பு. புகட்டுமே! உழவர் ஒருவர் அன்று மாலை கிணற்றடியில் நின்றாரா, கோயில் வாசலில் நின்றாரா என்பதில் பிழை நேர்ந்தால் நாட்டுக்கு நட்டமில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லியே தீர வேண்டியவர்கள் வேறு சிலர் உண்டு. அவர்களிடம் அது கேட்கப்பட்டதா? இதுவே நான் எழுப்ப விரும்பும் வினா.

அந்த மாலையைச் சற்றுப் பாருங்கள். டில்லி பிர்லா மாளிகையில், படேலோடு பேசிக் கொண்டிருந்ததால் பிரார்த்தனைக்கு நேரங்கடந்து வருகிறார் காந்தியார். 5 மணி 17 நிமிடம். மூன்று குண்டுகள். அவ்வளவுதான்.

நாடு விடுதலை பெற்றபோது அகில இந்திய வானொலிக்கு இருந்த நிலையங்கள் ஆறே ஆறு. அவற்றுள் இரண்டு, சென்னையும் திருச்சியும், தமிழகத்தில் இருந்தன. 1951ஆம் ஆண்டுக் கணக்குப்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். எனவே பெரும்பாலோர்க்குச் சேதி வந்தது பிறர் வாய்வழியே. வாய்வழிச் சேதிக்குக் கால் உண்டு, கண் இல்லை. "சுட்டவன் யார்?" என்ற கேள்விக்கு எந்த விடை முதலில் ஓடுகிறதோ, அதன் பின்னே கத்தியும் கொள்ளியும் ஓடும். பஞ்சாபிலும் வங்கத்திலும் ஓடிய குருதி அப்போது காய்ந்திருக்கவில்லை.

பிர்லா மாளிகை வாயிலிலே, "முஸ்லிம்தான் சுட்டான்!" என்று ஒருவன் கூவினான். அப்போதுதான் அங்கு வந்திறங்கிய கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன், "முட்டாளே, சுட்டவன் இந்து என்பது தெரியாதா?" என்று அதட்டினார். உண்மையில் அவருக்கும் அந்நேரத்தில் அது தெரியாது! வேறு விதமாக இருந்துவிட்டால் நாடு தாங்காது என்பது மட்டுமே தெரியும். ஆறு மணிக்கு வானொலி பேசியது. மறைந்தார் என்பதோடு நிறுத்தவில்லை. கொன்றவன் ஓர் இந்து என்பதையும் சேர்த்தே சொல்லியது. அந்த ஒரு சொற்றொடர் எத்தனை ஊர்களைக் காத்தது என்பதற்குக் கணக்கில்லை. நடக்காத கொலைக்கு யார் கணக்கு எழுதுவார்?

மறுநாள், திருச்சி வானொலியில் பேசினார் பெரியார். யார் அவர்? காந்தியாரின் கதரைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவர். 1925இல் காங்கிரசை விட்டு வெளியேறியவர். 1927இல் பெங்களூரில் காந்தியாரை நேரில் கண்டு, வருணாசிரமம் பற்றி முகத்துக்கு நேரே வாதிட்டவர். 1947 ஆகஸ்டுப் 15ஐத் துக்க நாள் என்று அறிவித்தவர். காந்தியாரை இருபதாண்டுகளுக்கு மேல் எதிர்த்து நின்ற அந்த மனிதர்தாம், காந்தியார் மறைவுக்கு வருந்தி வானொலியில் பேசினார். இந்நாட்டுக்குக் காந்தியின் பெயரையே சூட்டுங்கள் என்று பின்னர் எழுதவும் செய்தார். கொன்றவன் பார்ப்பனன் என்பது அதற்குள் நாடறிந்த சேதியாகிவிட்டது. பார்ப்பனியத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் கையில், அந்நேரத்தில், தீக்குச்சி இருந்தது. அவர் அதைக் கிழிக்கவில்லை. மராட்டியப் பகுதியில் நிலைமை வேறு. பூனாவிலும் சதாராவிலும் கோலாப்பூரிலும் பார்ப்பனர் வீடுகள் எரிந்தன. கோலாப்பூரில் ஒரு திரைப்பட ஸ்டுடியோவும் சாம்பலாயிற்று. கொலைகாரனின் சாதியிலே பிறந்தார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்கள் நடுத்தெருவில் நின்றனர். 'அன்று எங்கே இருந்தீர்?' என்ற கேள்விக்கு, கொள்ளியோடு நின்றவர்கள் தம் பேரப் பிள்ளைகளிடம் என்ன விடை சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இதுவரை சொன்னது குண்டு பாய்ந்த பின் நடந்தவை. இனிச் சொல்லப் போவது, பாய்வதற்கு முன் நடந்தவை.

ஜனவரி 13 முதல் 18 வரை, இந்து முஸ்லிம் ஒற்றுமை வேண்டி உண்ணாநோன்பு இருந்தார் காந்தியார். 20ஆம் நாள், அதே பிர்லா மாளிகையில் பிரார்த்தனை நேரத்தில் குண்டு ஒன்று வெடித்தது. மதன்லால் பாவா என்ற பஞ்சாப் அகதி இளைஞன் அங்கேயே பிடிபட்டான், கூட்டாளிகள் தப்பினர். போலீசாரிடம் அவன் சொன்னவற்றுள் ஒன்று, கூட்டாளிகளில் ஒருவன் மராட்டியப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியன் என்பது.

தோழர்களே! பத்திரிகை நடத்தும் எங்களுக்கு இது நன்கு தெரியும். பத்திரிகை தொடங்குவோன் சர்க்காரிடம் பெயரைப் பதிய வேண்டும். இதழ்தோறும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைப் போட வேண்டும். மறைந்து வாழ நினைப்பவன் செய்யக்கூடாத தொழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்! பூனாவுக்கு ஒரு தந்தி, பதிவேட்டில் ஒரு பக்கம். நாதுராம் கோட்சே என்ற பெயர் கிடைத்திருக்கும். பத்து நாட்கள் இருந்தன. கிடைக்கவில்லை.

பம்பாயில் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர ஜெயின் என்பவர் இருந்தார். பிழைக்க வழியின்றி நின்ற மதன்லாலுக்குத் தம் நூல்களைக் கொடுத்து விற்றுவரச் சொல்லி உதவியவர். அவரிடமே தங்கள் சதியைப் பெருமையாகச் சொல்லியிருந்தான் அவன். வெறும் பேச்சென்று முதலில் கருதினார் அவர். 20ஆம் நாள் வெடித்த குண்டு அவரை உலுக்கிற்று. மறுநாளே பம்பாய்ப் பிரதமர் கேரையும், உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயையும் கண்டு யாவும் உரைத்தார். மொரார்ஜி போலீஸ் அதிகாரியிடம் சொன்னார். ஆமதாபாத்தில் படேலிடமும் சொன்னார். ஆனால் பேராசிரியரின் பெயரைப் போலீசாரிடம் தெரிவிக்கவில்லை. அவருக்கு ஆபத்து நேருமாம்! விளைவு, முதல் சாட்சியை விசாரிக்க வேண்டிய போலீசார் அவர் இன்னாரென்றே அறியாதிருந்தனர்.

பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதனையிடக் காந்தியார் இசையவில்லை என்பது உண்மை. அது அவர் உயிர்; அவர் விருப்பம். ஆனால் பூனாவில் ஒரு பெயரைத் தேடுவதற்குக் காந்தியாரின் இசைவு தேவையா? அந்தப் பெயருக்குரியவன் 28ஆம் நாள் குவாலியரில் கைத்துப்பாக்கி பெற்றான். 29ஆம் நாள் இரவு டில்லி ரயில் நிலையத்தின் தங்கும் அறையில், சர்க்கார் கட்டிய கூரையின் கீழ், கட்டணம் செலுத்தி நிம்மதியாய்ப் படுத்திருந்தான்!

1949 பிப்ரவரி 10ஆம் நாள் செங்கோட்டை வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி ஆத்மா சரண், அந்நாட்களில் விசாரணையில் சிறிதேனும் முனைப்புக் காட்டியிருந்தால் இக்கொலை தடுக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே பதிந்து வைத்தார். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கோட்சேயும் ஆப்தேயும் அம்பாலா சிறையில் தூக்கிலிடப்பட்டனர். தூக்குக்கயிறு அறுத்தது இரண்டு உயிர்களை. நீதிபதி எழுதிய வரிக்கு அது விடையாகவில்லை. இன்று கோட்சேயின் படத்துக்கு மாலை சூட்டுவோரும் இந்நாட்டில் இருக்கின்றனர். அவர்களைக் கண்டு வெகுளும் நாம், நீதிபதியின் அந்த ஒரு வரியை எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

தண்டனை முடிந்து வந்தவர்களுக்கு 1964இல் பூனாவில் வரவேற்பு நடந்தது. சதி முன்கூட்டியே தமக்குத் தெரியும் என்று அங்கே ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். நாடு கொதித்தது, விசாரணைக் கமிஷன் பிறந்தது. 1966இல் அதன் பொறுப்பை ஏற்றார் நீதிபதி ஜீவன்லால் கபூர். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளிடம், அந்தப் பத்து நாட்களில் நீர் எங்கே இருந்தீர், என்ன அறிந்தீர், யாரிடம் சொன்னீர் என்று கேட்கப்பட்டது. 1969இல் அறிக்கை வந்தது. அதற்குள் இருபத்தோராண்டுகள் ஓடிவிட்டன. படேல் 1950இலும், கேர் 1957இலும், நேரு 1964இலும் மறைந்துவிட்டனர்.

சாட்சி சொல்ல வந்த அதிகாரிகளிடம் காரணங்கள் இருந்தன. கமிஷன் கேட்பதற்கு முன்பே தம் பங்கைத் தாமே எழுதி வெளியிட்டவர் அந்தப் பேராசிரியர். தம் நூலுக்கு அவர் சூட்டிய பெயரின் பொருள்: 'பாபுவை என்னால் காப்பாற்ற முடியவில்லை.'