தந்தம் போனது, தொழில் போகவில்லை



பினாங்கு பெரானாக்கான் மாளிகையைச் சுற்றிப் பார்த்தவர்கள், அங்குள்ள கருமர நாற்காலிகளில் சிப்பி மினுமினுப்பதைக் கண்டிருப்பார்கள். அது தீட்டிய வண்ணம் அல்ல. மரத்தைக் குடைந்து, அந்தக் குழியின் அளவுக்கே சிப்பியை அறுத்துப் பதித்து, மேற்பரப்பைத் தேய்த்துச் சமமாக்கிய வேலை. இதைத்தான் தமிழில் இழைத்தல் என்கிறோம். இந்த வேலைக்கு இந்தியாவில் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று மைசூர்.

மைசூர்க் கலைஞர்கள் ஈட்டி மரத்தில், அதாவது ரோஸ்வுட்டில், யானைத் தந்தத்தை இழைத்தார்கள். 1912-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மைசூர் அரண்மனையில் தந்தம் இழைத்த கதவை இன்றும் காணலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் சமாதிக்கும் தந்தம் இழைத்த கதவுகள் உண்டு. அவை டல்ஹௌசி பிரபு அளித்தவை.

ஆனால், அந்த அழகுக்கு விலையாக யானைகள் உயிரை விட்டன. 1986-ஆம் ஆண்டு இந்திய யானைத் தந்த வியாபாரத்தைச் சட்டம் தடை செய்தது. 1991-இல் இறக்குமதியான தந்தத்திற்கும் தடை வந்தது. தொழிலின் உயிர்நாடியே அறுந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. தந்தத்தின் இடத்தில் மரமே மரத்திற்கு அலங்காரமானது. பலாவின் மஞ்சள், ஈட்டியின் பழுப்பு, கருங்காலியின் கருமை என மரங்களின் இயற்கை நிறங்களைக் கொண்டே தசரா ஊர்வலத்தையும் காட்டு யானைகளையும் படைத்தார்கள்.

அடுத்த சோதனை 2017-இல் வந்தது. ஈட்டி மர இனம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் சேர்க்கப்பட்டது. ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. 2019-இல்தான், 10 கிலோவுக்கு உட்பட்ட முடிவுற்ற பொருள்களுக்கு விலக்குக் கிடைத்தது.

இத்தனைக்கும் தாக்குப்பிடித்த கலைக்கு இன்று வேறொரு மிரட்டல். அதே படத்தைப் பலகையில் அச்சடித்து மலிவாக விற்க முடிகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அச்சுப் படத்தில் எல்லா நிறங்களுக்கும் அடியில் ஒரே பலகையின் ரேகை ஓடும். பதித்த வேலையில் ஒவ்வொரு துண்டும் தனி மரம். யானையின் காதில் ரேகை ஒரு பக்கம் ஓடினால், துதிக்கையில் வேறு பக்கம் ஓடும்.

மைசூர் ரோஸ்வுட் பதிப்பு வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், குறியீடு மட்டும் கலைஞர் வீட்டில் அடுப்பை எரிய வைக்காது. வித்தியாசம் தெரிந்து வாங்குபவர் வேண்டும். அச்சுப் படத்தின் விலையைக் காட்டிக் கைவேலைக்குப் பேரம் பேசினால், அடுத்த தலைமுறை ரம்பத்தைக் கீழே வைத்துவிடும்.

தந்தம் இல்லாமல் இந்தக் கலை வாழ்ந்து காட்டியது. வாங்கும் கை இல்லாமல் அது வாழாது, நேயர்களே!