அட்டைப்பெட்டி இயந்திரமும் நம் பிள்ளைகளின் கைகளும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

‘கல்வியும் வாழ்வும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இப்பொருள் பற்றிப் பேசுவோர் பட்டங்களையும் பதவிகளையும் எடுத்துரைப்பது வழக்கம். நானோ இன்று ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். சிவகாசியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அட்டைப்பெட்டி வெட்டும் ‘பஞ்சிங் மெஷின்’தான் அது. நான் வரலாறு பயின்ற ஆசிரியன். இயந்திரவியல் கற்றவன் அல்லன். பின் ஏன் இந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் சான்றிதழ் நகல் வேண்டிப் பள்ளிக்கு வந்தான். பத்தாம் வகுப்பு தேறியவுடன் குடும்ப நிலையால் படிப்பை நிறுத்தி, ஒரு பெட்டிப் பட்டறையில் சேர்ந்தவன். பதிவேட்டில் கையொப்பம் இடச் சொன்னேன். இடக்கையால் எழுதுகோலை எடுத்தான். வலக்கையில் இரு விரல்கள் இல்லை. “என்னப்பா இது?” என்றேன். “ஐயா, கை பட்டால் நிற்கும் கம்பி ஒன்று அந்த மெஷினில் இருந்தது. வேலை ஓடவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார்கள். அந்தக் கம்பி எதற்கு, எப்படி மெஷினை நிறுத்தும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை” என்றான்.

‘யாரும்’ என்ற அச்சொல்லில் நானும் அடக்கம் என்பதை அன்று உணர்ந்தேன். பானிப்பட்டுப் போர்கள் நடந்த ஆண்டுகளை அவனுக்குக் கற்பித்த நான், அவன் நாள்தோறும் கை நீட்டப்போகும் இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. அதன்பின் பட்டறைகளுக்குச் சென்றும், அறிந்தவர்களைக் கேட்டும் நான் கற்றுக்கொண்டதையே இங்கே கூறுகின்றேன்.

அன்பர்களே! வெடிமருந்தின் ஆபத்தை நம் மாவட்டத்தில் அறியாதார் இல்லை. ஆகவே, ‘பட்டாசு ஆலை வேண்டாம், பெட்டிப் பட்டறைக்குப் போ, அங்கே வெறும் அட்டைதானே’ என்று பெற்றோர் பிள்ளைகளை அனுப்புகின்றனர். அட்டை மென்மையானதுதான். அதனை வெட்டும் இரும்பு மென்மையானதன்று.

அந்த இயந்திரத்தில் இரண்டு இரும்புப் பலகைகள் உண்டு. ஒன்று அசையாமல் நிற்கும். மற்றொன்று, திறந்த புத்தகத்தை மூடுவது போல வந்து அதன்மேல் அழுந்தும். நிற்கும் பலகையில் ‘டை’ பூட்டப்பட்டிருக்கும். பிளைவுட் பலகையில் பெட்டியின் வரைபடப்படி இடுக்குகள் வெட்டி, அவற்றில் எஃகுத் தகடுகளைப் பதித்துச் செய்வதே டை. அத்தகடுகளுள் கூரானது அட்டையை வெட்டும். சற்றே உயரம் குறைந்த மழுங்கிய தகடு மடிப்புக்கோடு பதிக்கும். வெட்டும் தகட்டின் உயரம் பெரும்பாலும் 23.8 மில்லிமீட்டர். மடிப்புத் தகடு இதனினும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளாகவே குறைவாக இருக்கும். அந்தச் சிறு வேறுபாட்டில்தான் பெட்டியின் அழகும் உறுதியும் அடங்கியுள்ளன.

பக்கத்தில் சுழலும் பெருஞ்சக்கரத்தைப் பட்டறையில் ஃபிளைவீல் என்பார்கள். மோட்டார் சிறிது சிறிதாகத் தரும் ஆற்றலை அது சேர்த்து வைத்துக்கொண்டு, வெட்டும் கணத்தில் மொத்தமாகக் கொடுக்கின்றது. இதனால்தான் சிறிய மோட்டார் பெரிய வேலையைச் செய்கின்றது. இதனால்தான் மோட்டாரை நிறுத்திய பின்னும் சக்கரம் உடனே நிற்பதில்லை. ‘சுவிட்சை அணைத்துவிட்டேன்’ என்று எண்ணிக் கையை நீட்டுவோர் ஏமாறும் இடம் இதுவே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். இயந்திரம் நிமிடத்திற்கு 20 முறை மூடித் திறப்பதாகக் கொள்வோம். மணிக்கு 1,200 முறை. எட்டு மணி நேரத்தில் 9,600 முறை. ஒவ்வொரு முறையும், வெட்டிய அட்டையை எடுத்து வேறோர் அட்டையை வைக்க ஏறத்தாழ ஒன்றரை நொடியே கிடைக்கும். 9,599 முறை சரியாகச் செய்த கை ஒரே ஒரு முறை தாமதித்தால், அதனைக் கவனக்குறைவு என்று பழிப்பது நீதியாகுமா? மனிதன் தவறக் கூடியவன்; அவன் தவறும்போது காப்பதே நல்ல இயந்திரத்தின் இலக்கணம்.

இந்த முறை எவ்வாறு பிறந்தது? 1879-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில், ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் கேர் என்பவர் காகிதப்பை செய்யும் தொழில் நடத்தி வந்தார். ஒரு நாள், பையில் மடிப்புக்கோடு பதிக்க வேண்டிய உலோகத் தகடு இடம் பெயர்ந்து, பைகளை வெட்டிவிட்டது. சரக்கு பாழாயிற்று. ஆனால், ‘ஒரே அழுத்தில் மடிக்கவும் வெட்டவும் இயலுமே’ என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அந்தப் பிழையிலிருந்தே இன்றைய மடிப்பு அட்டைப்பெட்டி பிறந்தது. பிழையைக் கண்டு சினப்பவர் பலர். அதிலிருந்து கற்பவர் சிலர். கற்பதற்கு இயந்திரத்தைப் பற்றிய அறிவு முன்னமே இருத்தல் வேண்டும்.

நம் பகுதிக்கு வருவோம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, சிவகாசியில் அதனைத் தொடங்கினர் என்பது யாவரும் அறிந்த வரலாறு. மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாள் ஒட்டி, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் செய்யும் வேலை வீடுகளுக்கு வந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பசைக்கிண்ணம் இருந்தது. அம்மா ஒட்டுவார், பள்ளிவிட்டு வந்து நாங்களும் ஒட்டுவோம். ஒரு குரோசுக்கு 144 பெட்டி என்பதே நான் கற்ற முதல் பெருக்கல். எங்கள் தெருவில் பல பிள்ளைகளுக்கு அதுவே கடைசிப் பாடமாகவும் ஆயிற்று.

பின்னர் மரச்சீவல் பெட்டியின் இடத்திற்கு அட்டைப்பெட்டி வந்தது. அம்மாவின் விரல்கள் நாளெல்லாம் செய்த மடிப்பை டை ஒரே அழுத்தில் செய்தது. மதிய உணவும், 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும், இந்த மாற்றமும் சேர்ந்தே நம் பிள்ளைகளைத் திண்ணையிலிருந்து பள்ளிக்கு அனுப்பின. ஆகவே, இயந்திரம் நமக்குப் பகையன்று. சீர்திருத்தப்படாத இயந்திரமும் அதனை அறியாத நிலையுமே நமக்குப் பகை.

இயந்திரத்தைச் சீர்திருத்துதல் என்றால் என்ன? நான் அறிந்தவற்றுள் நான்கினைக் கூறுவேன்.

முதலாவது, கிளட்சும் பிரேக்கும். சில பழைய இயந்திரங்களில் கிளட்ச் ஒரு முறை பற்றிக்கொண்டால் ஒரு சுற்று முழுவதும் முடிந்தே விடும்; நடுவில் நிறுத்த இயலாது. உராய்வினால் பற்றும் கிளட்சும் வலுவான பிரேக்கும் பொருத்தினால் எந்த இடத்திலும் நிறுத்தலாம். ஏனைய பாதுகாப்புகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

இரண்டாவது, காவல் அமைப்பு. பலகையின் வாயில் கை இருந்தால் கம்பி தள்ளப்பட்டு, சுவிட்ச் அழுந்தி, இயந்திரம் நிற்கும். இதனினும் மேம்பட்டது ஒளித்திரை. கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கதிர்களைக் கை மறித்தவுடனே இயந்திரம் நின்றுவிடும். ஆயினும், நடுவில் நிறுத்த இயலாத கிளட்ச் உள்ள இயந்திரத்தில் ஒளித்திரை இருந்தும் பயனில்லை. அறிவு அரைகுறையாக இருத்தல் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது, டை. கையால் அறுத்த இடுக்கில் தகடு ஆடும், அழுத்தம் சமனாக இராது, அட்டை சிக்கும். சிக்கிய அட்டையை எடுக்கத்தான் கை உள்ளே போகின்றது. கணினியில் வரைந்து லேசர் கதிரால் வெட்டிய டையில் தகடு இறுக நிற்கும். தகட்டின் இருபுறமும் நல்ல ரப்பர் ஒட்டினால் அட்டை தானே விடுபடும். தரமும் உயரும், கையும் பிழைக்கும்.

நான்காவது, எண்ணெயிடுதல். இதைப் பற்றிக் கூறுகையில் எலைஜா மெக்காய் என்பவரை நினைவுகூர்தல் வேண்டும். கெண்டக்கி மாநிலத்து அடிமை நிலையினின்று தப்பிக் கனடா சென்ற கறுப்பினப் பெற்றோர்க்கு 1844-இல் பிறந்தவர் அவர். எடின்பரோவில் இயந்திரவியல் கற்றுத் திரும்பினார். நிறத்தின் காரணமாகப் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. மிச்சிகன் இரயில்பாதையில் கரி அள்ளிப் போடுவதும் எண்ணெயிடுவதுமான வேலையே கிடைத்தது. எண்ணெயிடுவதற்காக வண்டியை அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்ததைக் கண்டார். இயந்திரம் ஓடும்போதே தானாக எண்ணெய் சொட்டும் கிண்ணத்தை வடிவமைத்து, 1872-இல் காப்புரிமை பெற்றார். தாழ்ந்த வேலை என்று தமக்குத் தள்ளப்பட்ட வேலையிலிருந்தே அவர் உலகிற்கு ஒரு கருவியைத் தந்தார். வேலை அளித்தவர் அவரைக் குறைத்தார். அவர் கற்ற கல்வியைக் குறைக்க அவரால் இயலவில்லை. இன்று நம் பட்டறைகளில், ஓடும் இயந்திரத்தின் இடுக்கில் எண்ணெய்க் குப்பியோடு கை நீட்டும் இளைஞர்கள் இதனை அறிதல் வேண்டும்.

சட்டம் என்ன சொல்லிற்று? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்கு வேலியிட வேண்டும் என்றும், இயந்திரம் ஓடும்போது அந்த வேலி அதனிடத்திலேயே இருத்தல் வேண்டும் என்றும் தன் 21-ஆம் பிரிவில் விதித்தது. தொழிற்பாதுகாப்புக்கான விதிகள் 2020-இல் புதிய தொகுப்புச் சட்டமாக இயற்றப்பட்டன. ஆயினும், பணியாளரைக் காக்கும் கடமை முதலாளியை விட்டு நீங்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னே அவருடைய உழைப்பு இருந்தது. களைத்த கையே தவறும் கை என்பதை எண்ணிப் பார்த்தால், அத்திருத்தமும் ஓர் இயந்திரக் காவலே என்பது விளங்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘இயந்திரம் சீர்திருந்தினால் ஆள் குறையுமே, நம் பிழைப்பு என்னாவது?’ என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தின் பாப்ஸ்ட் நிறுவனம் 1940-லேயே தானியங்கி வெட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அவ்வகை இயந்திரம் தாளைத் தானே உறிஞ்சி எடுத்து, உள்ளே இழுத்து, வெட்டி, அடுக்கிவிடும். மணிக்கு ஆயிரக்கணக்கான தாள்களை முடிக்கும். அதன் வாயில் கை நீட்ட ஆள் தேவையில்லை. ஆனால், அதனை இயக்கவும், டை வரையவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். அட்டை வைக்கும் வேலை ஒழிவதைப் பற்றி நான் வருந்தவில்லை. ஒழியும் வேலையில் நம் பிள்ளைகளும், பிறக்கும் வேலையில் மற்றவர்களும் இருந்துவிடுவார்களோ என்பதே என் கவலை.

ஆகவே, இளைஞர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். பட்டறையில் வேலைக்குச் சேரும் நாளில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காவல் கம்பி பொருத்தியிருக்கின்றதா? நிறுத்தும் சுவிட்ச் என் கைக்கு எட்டுகின்றதா? டை மாற்றும்போதும் எண்ணெயிடும்போதும் மின்சாரத்தைத் துண்டித்து, அதன் சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ளலாமா? பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளாமல் இராதீர்கள். ஈட்டுறுதிக் கழகமான ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, கற்றுக்கொள்ளுங்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் பிரிவுகள் உள்ளன. சென்னைத் தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்திற்கென்றே பட்டயக் கல்வி உண்டு. பெண்பிள்ளைகள் டை வரைபடம் வரையக் கற்கலாம். அது கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. அதற்கு மேலும் எண்ணுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்குவதற்கென 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் வகுக்கப்பட்டன. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியுங்கள். நம்மவர் ஒருவர் பட்டறை வைத்தால், அங்கே காவல் கம்பி கழற்றப்படாமல் இருக்கட்டும். அதுவே நம் உயர்வின் உண்மையான அளவுகோல்.

இக்கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெள்ளிவிழா நினைவாக, வாரம் இருமுறை மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். அளவுகோல் பிடித்தல், வரைபடம் படித்தல், இயந்திரக் காவல் ஆகிய மூன்றையும் அங்கே கற்பிக்கலாம். இடம் வேண்டுமெனில், உரிய அனுமதி பெற்று எங்கள் பள்ளி வகுப்பறையைத் தர முயல்வது என் பொறுப்பு.

சான்றிதழ் நகல் பெற்ற அந்த மாணவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்தான். அங்கே கற்ற பின் ஒரு நாள் வந்து, இடக்கையால் தாளில் வரைந்து, அந்தக் கம்பி எவ்வாறு இயந்திரத்தை நிறுத்துகின்றது என்பதை எனக்கு விளக்கினான். ஆசிரியர் மேசைக்கு எதிரே நின்று நான் கேட்டுக்கொண்டேன். மாலை வகுப்பு தொடங்குமாயின், முதல் பாடம் நடத்த அவனையே அழைக்கலாம் என்பது என் எண்ணம்.