யாருடைய 'போதும்'?

மனநிறைவு கிறிஸ்தவ வாழ்வின் அடிப்படைப் பண்பு என்பதை நாம் அனைவரும் ஏற்கிறோம். ஆனால், அதை யார் யாரிடம் கேட்பது என்று நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. 'போதும்' என்பது ஒருவர் தம் ஆசைக்குத் தாமே இடும் எல்லை; பிறர் உரிமைக்கு எல்லையிட அந்தச் சொல் யாருக்கும் அதிகாரம் தரவில்லை. இதுவே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து. எந்நிலையிலும் மனநிறைவோடு வாழக் கற்றுக்கொண்டதாகப் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய பவுல், வறுமையோடு வளமையையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். ஆகவே இது உள்ளவரும் கற்க வேண்டிய பாடம். மனநிறைவு பிறர் உதவியை மறுப்பதும் அன்று; அதே திருமுகத்தில், தமக்கு வந்த உதவிக்கு அவர் மனமார நன்றியும் சொல்கிறார்.

பாலைநிலத்தில் மன்னாவை அன்றன்றைத் தேவைக்கே எடுக்க இஸ்ரயேலர் பணிக்கப்பட்டனர்; மறுநாளுக்கென்று வைத்தது புழுத்தது. இந்த அளவுநெறி தூத்துக்குடிக் கரையான நம் முத்துக்குளித்துறைக்குப் புதிதன்று. முத்துச்சிப்பி முற்ற மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். சிப்பிகள் வாழும் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பிளந்து, முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது. பார் தேறாவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு அரசின் முத்துக்குளிப்பு நடைபெறவே இல்லை. இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக மீன்பிடித் தடைப்படி விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. சட்டம் படகை நிறுத்தும், மனத்தை நிறுத்தாது. தடை முடிந்ததும் குஞ்சு மீனையும் வாரி வரும் மடிவலை, மறுநாளின் மன்னாவையும் இன்றே அள்ளுகிறது.

"இருப்பது போதும் என்று ஏழைகளுக்குச் சொல்லித்தானே காலங்காலமாக அவர்களை அடக்கினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, சமயத்தின் பெயரால் அது நடந்ததை மறுக்க முடியாது. ஆனால், இக்கரைக்கு 1542-இல் வந்த புனித சவேரியாரின் வாழ்வு வேறொரு விடை தருகிறது. தமக்கென எதையும் சேர்க்காத அவர், 1544-இல் வடுகர் படையெடுப்பால் குமரிமுனைப் பரதவர் பசியால் வாடியபோது 20 தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். மக்களை வருத்திய போர்த்துகீசியத் தளபதியைக் கடிதங்களில் கடுமையாகக் கண்டித்தார். தம் வயிற்றுக்குப் போதும் என்றவர், பிறர் பசிக்குப் போதும் என்று சொல்லவில்லை. வேலையாள்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரை யாக்கோபு தம் திருமுகத்தில் சாடுவதும் இதே நெறிப்படிதான்.

மனநிறைவு முன்னேற்றத்தைத் தடுக்கும் என்பது இன்னொரு மறுப்பு. ஆனால், மனநிறைவைக் கற்ற அதே பவுல் கூடாரத் தொழில் செய்து தம் கையுழைப்பால் உண்டவர். பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் நல்ல விலை கேட்பதும் பேராசை ஆகா. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனை, இயேசு சொன்ன உவமையில் கடவுள் அறிவிலி என்றது அவன் விளைச்சலுக்காக அன்று. அந்த விளைச்சலில் அவன் தன்னை மட்டுமே கண்டதற்காக.

ஆகவே, அன்பர்களே, இனி 'போதும்' என்ற சொல்லைக் கடன்பட்ட கடல்தொழிலாளியின் வாசலில் போய்ச் சொல்லாதீர்கள். நம் வீட்டுத் திருமணச் செலவிலும், வரதட்சணைப் பேச்சிலும், கூலி பங்கிடும் இடத்திலும் அதைச் சொல்லத் தொடங்குவோம்.