பத்து மணிக்குப் பிறகு



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் கேம்பஸ் இன்டர்வியூவிலேயே வேலை வாங்கிவிட்டீர்கள். மனமார்ந்த வாழ்த்துகள். நான் பேச வந்திருப்பது மற்றவர்களிடம். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, தெரு ஓய்ந்துவிடும். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பத்து மணிக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

நான் 1986-இல் பட்டம் வாங்கினேன். நூலகத்தில் வேலை கிடைத்தது 1989-இல். அந்த மூன்று ஆண்டுகளில் என் காதில் அதிகம் விழுந்த சொல், ‘சும்மாதானே இருக்கே’. சும்மாதானே இருக்கே, ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துறாங்களாம், போயிட்டு வா. சும்மாதானே இருக்கே, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலைதான். எல்லாம் சேர்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. என் நேரத்துக்கு வேலி இல்லை, யார் வேண்டுமானாலும் நடந்து போனார்கள், அவ்வளவுதான்.

மிச்ச நேரத்தைத் தபால்காரர் எடுத்துக்கொண்டார். போஸ்டல் ஆர்டர் வாங்கி, சான்றிதழ் நகல்களில் அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவுக்கு அவர் பதினொன்றரைக்கு வருவார். அதுவரை எதிலும் கை ஓடாது. அவர் சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் அன்றைய நாளே முடிந்துபோன மாதிரி இருக்கும். இன்று அந்தத் தபால்காரர் உங்கள் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். நாளுக்கு நூறு தடவை வாசலுக்கு வருகிறார், நூறு தடவை தாண்டிப் போகிறார். உங்கள் பாடு என்னுடையதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பாடு எனக்கும் உங்களுக்கும் மட்டும் வந்ததல்ல. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு ஊர். ஊருக்கே சோறு போட்ட ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மாரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933-இல் நூலாக்கினார்கள். நூலகர் என்பதால் ஊர் நூலகத்தின் கணக்கில்தான் என் கண் முதலில் நின்றது. மக்கள் கையில் நாள் முழுக்க நேரம் இருந்தது. ஆனால் 1929-க்கும் 1931-க்கும் இடையில், புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலோர் கையில் கடிகாரம் இல்லை. காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் இரண்டு மூன்று விஷயங்களுக்கு மேல் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கோ ஆலை வேலை போனது, அடுப்பு வேலை போகவில்லை. அவர்களுக்கு நின்று பேசவும் நேரமில்லை.

நம் வீடுகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். வேலை தேடும் மகனின் பகல் வெறுமையாகக் கிடக்கிறது. மகளின் பகலை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பெற்றோர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மகனுக்குத் தண்ணீர் பிடிக்கவும் பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப் போகவும் ஒரு பங்கு கொடுங்கள். மகளுக்கு யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம் கொடுங்கள். இரண்டும் ஒரே உதவிதான்.

பிள்ளைகளே, நாள் முழுக்க வேலை தேடாதீர்கள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துக்கொண்டே ஐம்பது இடத்துக்கு ஒரே ரெஸ்யூமை அனுப்புவது தேடல் ஆகாது, அது பயம். காலையில் மூன்று மணி நேரம் தேடுங்கள். குளித்து, உடை மாற்றி, மேசையில் உட்கார்ந்து தேடுங்கள். எந்த இடத்துக்கு, என்ன தேதியில், எதை அனுப்பினோம், மறுபடி எப்போது விசாரிக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மெயிலைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்தால் போதும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து சீனியாரிட்டி இழந்தவர்கள் பலர், அதையும் அந்த நோட்டில் குறித்துவையுங்கள். மாலையில் விளையாடுங்கள், நண்பர்களைப் பாருங்கள். வேலை இல்லாதவனுக்குச் சிரிப்பு எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு தம்பி வருவான். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். மூன்று மணி நேரத்தில் இருநூறு கேள்வி. செல்போனைப் பையோடு வாசல் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, ஜன்னலோரம் அதே நாற்காலியில் ஒன்பதரைக்கு உட்காருவான். பன்னிரண்டரைக்கு, பாதிக் கேள்வியில் இருந்தாலும் பேனாவை மூடிவிடுவான். தேர்வு நடக்கும் நேரமே அதுதான் மேடம், உடம்பு பழகட்டும் என்றான். பிறகு மாமாவின் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஆணியும் பெயின்ட்டும் விற்பான். அங்கே இருக்கும்போது படிக்கவில்லையே என்ற தவிப்பு அவன் முகத்தில் இருந்ததில்லை. படிக்க வேண்டிய நேரத்தில் படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா நினைவு வரும். நான் வேலை தேடிய மூன்றாவது ஆண்டில் ஒருநாள், ‘ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா’ என்று அழுதுவிட்டேன். அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின்கட்டில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து, ‘எங்க உன் மக, சும்மாதானே இருக்கா, கடைத்தெரு வரைக்கும் துணைக்கு வரச் சொல்லேன்’ என்று கேட்டது காதில் விழுந்தது.

‘அவ வேலைக்குப் போயிருக்கா’ என்றார் அம்மா. ‘பன்னிரண்டரைக்குத்தான் வருவா.’