பிஸ்டனில் வெட்டிய பள்ளம் கண்டுபிடிப்பாகுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்டிருப்பது சற்றே எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய தலைப்பு. காரின் டிஸ்க் பிரேக்குக்குள் பிஸ்டன் என்றொரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதன் வடிவத்தை ஒருவர் கொஞ்சம் மாற்றி, "இது என் கண்டுபிடிப்பு, எனக்குக் காப்புரிமை வேண்டும்" என்று விண்ணப்பித்தால், அதை ஆய்வாளர் எப்படிச் சோதிப்பார்? இதுதான் இன்றைய கேள்வி.

இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். மோட்டார் பட்டறையிலும் லேத் பட்டறையிலும் உதிரிபாகத் தொழிற்சாலையிலும் உழைக்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் கையில் தினமும் சின்னச் சின்னப் புதுமைகள் பிறக்கின்றன. அவற்றில் எது சட்டத்தின் பார்வையில் கண்டுபிடிப்பு, எது வெறும் கைவேலை என்று தெரியாததால், சிலர் இல்லாத உரிமைக்குப் பணம் செலவழிக்கிறார்கள். சிலர் இருக்கும் உரிமையை விட்டுவிடுகிறார்கள்.

பிஸ்டன் செய்யும் வேலை

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பிரேக் மிதியை அழுத்துகிறோம். குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே நகர்ந்து, பிரேக் பேடைச் சுழலும் தட்டின்மீது அழுத்துகிறது. உரசலில் வண்டியின் வேகம் சூடாக மாறுகிறது. மிதியை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் இம்மியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

சிக்கல் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கெந்திங் மலையிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பேடின் சூடு பிஸ்டன் வழியாகப் பிரேக் எண்ணெய்க்கு ஏறும். டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய நிலைக்கு விதிக்கப்பட்ட அளவு 140 டிகிரிதான். எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும். எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். அப்போது மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே பிஸ்டன் வழியே ஏறும் சூட்டைக் குறைப்பது உயிர் காக்கும் வேலை.

ஒரு கற்பனை விண்ணப்பம்

பட்டறைக்காரர் ஒருவர் இதற்கு வழி கண்டதாக வைத்துக்கொள்வோம். இவர் என் கற்பனை மனிதர். கிண்ணத்தின் விளிம்பில் அவர் பள்ளங்கள் வெட்டுகிறார். பேடைத் தொடும் பரப்பு குறைகிறது, காற்றும் புகுகிறது. அந்த விளிம்பின்மேல் சூடு கடத்தாத பீங்கான் வளையம் ஒன்றைத் தொப்பிபோல் மாட்டுகிறார். விண்ணப்பம் அலுவலகத்துக்குப் போகிறது.

அங்கே ஆய்வாளர் மூன்று கேள்விகள் கேட்பார். இது புதியதா? துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாத ஒன்றா? தொழிலில் பயன்படுத்தக்கூடியதா? மூன்றாவது கேள்வியில் பிஸ்டன் எளிதாகத் தேறிவிடும். முதல் இரண்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

புதியதா என்பதற்கு மலேசியச் சட்டத்தின் அளவுகோல் உலகம் முழுவதும். எந்த நாட்டிலாவது, எந்த மொழியிலாவது, எழுத்தாகவோ பேச்சாகவோ பயன்பாட்டாலோ முன்பே வெளிவந்திருந்தால் அது புதியதன்று. தேடுவதற்கு வசதியாக உலகக் காப்புரிமை ஆவணங்கள் வகை பிரிக்கப்பட்டுள்ளன. பிரேக்குகளுக்கு எஃப்16டி என்பது வகைக்குறி. அந்த அறையைத் திறந்தால் நூறாண்டுக் கால உழைப்பு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய செம்பு உரசுபொருள் இரைச்சல் போட்டது, சீக்கிரம் தேய்ந்தது. 1953-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தில் காப்புரிமை 14 ஆண்டுகள்தான். அறுவடை வந்தபோது விதைத்தவரின் உரிமை முடிந்து பல காலம் ஆகியிருந்தது. ஆனால் உரிமை காலாவதியானாலும் ஆவணம் காலாவதியாவதில்லை. அதை இன்று யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். "நான் கண்டுபிடித்தது" என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

நம் பட்டறைக்காரரின் முதல் கோரிக்கை, "விளிம்பில் பள்ளம் வெட்டிய பிஸ்டன்." பந்தயக் கார்களின் கேலிப்பர்களில் இப்படிப்பட்ட பிஸ்டன்கள் ஏற்கனவே உண்டு. ஆய்வாளர் ஓர் ஆவணத்தை எடுத்து வைப்பார், கோரிக்கை விழுந்துவிடும். இரண்டாவது கோரிக்கை, "பள்ளமும் பீங்கான் வளையமும் சேர்ந்த பிஸ்டன்." சூடு தடுக்கும் வளையமும் தெரிந்த சங்கதிதான். இரண்டும் சேர்ந்து ஒரே ஆவணத்தில் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் புதியது என்று ஒப்புக்கொண்டு, ஆய்வாளர் இரண்டாவது கேள்விக்குப் போவார்.

மிதிக்கட்டை வழக்கு

தெரிந்த இரண்டைச் சேர்த்தால் கண்டுபிடிப்பா? இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007 ஏப்ரல் 30-ஆம் நாள் சொன்ன தீர்ப்பை மறக்க முடியாது. அதுவும் ஒரு வாகன உதிரிபாகம்தான். ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப நகர்த்தும் வேக மிதியில், நகராத அச்சின்மேல் மின்னணு உணர்கருவியைப் பொருத்தியதற்கு ஒரு காப்புரிமை இருந்தது. டெலிஃபிளெக்ஸ் நிறுவனம் அதைக் காட்டி கேஎஸ்ஆர் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. நகர்த்தும் மிதியும் பழையது, உணர்கருவியும் பழையது. கார்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டையும் சேர்ப்பது துறை அறிந்தவருக்கு இயல்பாகத் தோன்றக்கூடியதே என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லி, அந்தக் கோரிக்கையைச் செல்லாததாக்கினார்கள்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பழைய மிதியின் காப்புரிமை ஆவணம், விண்ணப்பத்தைச் சோதித்தபோது ஆய்வாளர் முன் வரவேயில்லை. எதிராளிதான் பின்னாளில் அதைக் காட்டினார். ஆகவே சான்றிதழ் கையில் வந்துவிட்டது என்று அயர்ந்துவிடக் கூடாது. ஆய்வாளர் காணாததைப் போட்டியாளர் தேடிக் கண்டுபிடிப்பார்.

இந்த அளவுகோலில் நம் பட்டறைக்காரரின் இரண்டாவது கோரிக்கையும் தள்ளாடும். பள்ளம் தன் வேலையைச் செய்கிறது, வளையம் தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

உயிர்நாடி எங்கே?

ஆனால் அவருடைய பட்டறையில் நடந்தது வேறு. சூடேறும்போது இரும்பு விரியும் அளவுக்குப் பீங்கான் விரியாது. வளையத்தை உள்ளே செருகினால் சூட்டில் தளர்ந்து கழன்றுவிடுகிறது. பசை போட்டு ஒட்டினால் பசை கருகுகிறது. வெளிப்பக்கமாக மாட்டினால், விரியும் இரும்பு வளையத்தை உடைத்துவிடுகிறது. அப்போதுதான் அவர் பள்ளங்களை ஆழமாக வெட்டினார். விளிம்பு தனித்தனி விரல்களாகப் பிரிந்தது. சூட்டில் இரும்பு விரியும்போது விரல்கள் உள்ளே வளைந்து கொடுத்தன. வளையம் உடையவும் இல்லை, கழலவும் இல்லை.

இப்போது பாருங்கள், காற்றுக்காக வெட்டிய பள்ளம் இங்கே வில்போல் பிடிக்கும் வேறொரு வேலையைச் செய்கிறது. பள்ளமும் வளையமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. பழைய ஆவணங்களில் இந்த எண்ணம் இல்லையென்றால், இதற்குக் காப்புரிமை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் பட்டறைக்காரர் தம் விண்ணப்பத்தில் விரல்கள் வளைந்து கொடுப்பதை எழுதினாரா? பள்ளத்தின் ஆழம் என்ன, விரலின் தடிப்பு என்ன என்று சொன்னாரா? "அது தொழில் ரகசியம்" என்று மறைத்திருந்தால், அல்லது சாதாரண விஷயம் என்று விட்டிருந்தால், பிறகு சேர்க்க வழியில்லை. கோரிக்கையைச் சுருக்கலாம், திருத்தலாம். முதல் நாள் கொடுத்த விவரத்தில் இல்லாததைப் புதிதாகப் புகுத்த முடியாது. உலகின் முக்கியமான காப்புரிமைச் சட்டங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. பட்டறையில் உண்மையான கண்டுபிடிப்பு இருக்கும், காகிதத்தில் இருக்காது. ஆய்வாளர் படிப்பது காகிதத்தை மட்டும்தான்.

வாயைக் கட்டுங்கள்

இன்னொரு ஆபத்து அவசரம். பிரிட்டனில் 1985-இல் முடிந்த காற்றுப்பலகை வழக்கு ஒன்று உண்டு. பாய்மரம் கட்டிய பலகையின் காப்புரிமை செல்லாமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், 1958-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அதுபோன்ற பலகையைத் தானே செய்து கடற்கரையில் ஊரறிய ஓட்டியிருந்ததுதான். எழுத்தில் எதுவும் வேண்டியதில்லை, ஊரறியப் பயன்படுத்தினாலே போதும். பிஸ்டன் கேலிப்பருக்குள் மறைந்துதானே இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. விற்றுவிட்டால், வாங்கியவர் கழற்றிப் பார்க்கலாம் அல்லவா?

விண்ணப்பதாரர் தாமே வெளியிட்டிருந்தால், அதன்பின் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க மலேசியச் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் ஐரோப்பியக் காப்புரிமை முறையில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது. வெளிநாட்டுச் சந்தை மனத்தில் இருந்தால், முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம்.

நம் நாட்டு வழிகள்

நமது காப்புரிமைச் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. 1986 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பங்களைச் சோதிப்பது மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம். விண்ணப்பித்தால் மட்டும் போதாது. முழுமையான ஆய்வு வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். உள்நாட்டில் நேரடியாகத் தாக்கல் செய்தவருக்கு அதற்கான கெடு 18 மாதம். கேட்கத் தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

சிறு தொழில் செய்வோர் கவனிக்க வேண்டிய மற்றொரு கதவும் உண்டு. பயன்பாட்டுப் புத்தாக்கம் என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். புதியதாகவும் தொழிலுக்கு உதவுவதாகவும் இருந்தால் போதும். யாருக்கும் தோன்றாதது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முதலில் 10 ஆண்டு, பிறகு பயன்படுத்தி வருவதைக் காட்டி இருமுறை 5 ஆண்டு நீட்டிக்கலாம். சிங்கப்பூரில் இந்த வழி இல்லை. அங்கே 2020 ஜனவரி 1 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்கள், வெளிநாட்டு ஆய்வு முடிவை மட்டும் காட்டித் தப்பவும் முடியாது.

"வடிவம்தானே, தொழில்துறை வடிவமைப்பாகப் பதிந்துகொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சட்டம் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் காப்பது. பொருள் செய்யும் வேலையால் மட்டுமே அமைந்த வடிவத்துக்கு இடமில்லை. நம் பிஸ்டனின் பள்ளம் அழகுக்காக வெட்டியதன்று.

தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல். கண்டுபிடிப்பதற்கென்று வேலைக்கு அமர்த்தப்படாத ஊழியர், முதலாளியின் கருவிகளைக் கொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை முதலாளிக்குப் போகும். ஆனால் அந்த ஊழியருக்கு நியாயமான ஊதியம் பெற உரிமை உண்டு என்று சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது, கேட்பவரும் குறைவு.

கடைசியாக, வாகனமோட்டிகளுக்கு ஓர் எச்சரிக்கை. "காப்புரிமை பெற்றது" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது பாதுகாப்பானது என்று பொருளல்ல. ஆய்வாளர் பிஸ்டனை வண்டியில் பூட்டி மலையிறங்கிப் பார்ப்பதில்லை. அது புதியதா என்றுதான் பார்க்கிறார். பிரேக் பிடிக்குமா என்பதைச் சொல்ல வேண்டியது தரச் சோதனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மலிவான உதிரிபாகத்தை மாட்டாதீர்கள்.

அன்பர்களே, பட்டறையில் புதிதாக ஒன்று பலித்தால், அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். என்ன செய்தீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எது தோற்றது, எது பலித்தது, ஏன் பலித்தது என்பதையும் எழுதுங்கள். அந்த "ஏன்" என்ற வரிதான் நாளை ஆய்வாளர் மேசையில் உங்களுக்காகப் பேசும்.