கடாரத்தைக் கண்ணால் காணல்



ஊர்ப்பெயர் ஆய்வு குறித்து உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். பல ஊர்களைத் தொட்டுச் செல்வதைவிட ஒரே வட்டாரத்திற்கு உங்களை அழைத்துச் செல்வது நன்று எனக் கருதினேன். அது கெடா மாநிலத்து மெர்போக் வட்டாரம். பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதி.

முதலில் ஓர் ஒப்புதல். 'கடாரம்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாடம் நடத்தியபின்னரே அச்சொல் குறிக்கும் மண்ணை நான் மிதித்தேன். பட்டினப்பாலை கூறும் காழகமும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியும் எனக்கு மனப்பாடம். ஆயினும், கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் சென்றடையக்கூடிய ஊருக்கு நான் போனதில்லை. சோம்பல் என்பதன்றி வேறு காரணம் இல்லை. உங்களுக்கு அந்நிலை நேர வேண்டாம்.

சுங்கை பட்டாணியைக் கடந்து வடக்கே சென்றால் பீடோங். அங்கிருந்து மேற்கே திரும்பினால் மெர்போக். வழியெங்கும் குனோங் ஜெராய் மலை உடன் வரும். உயரம் 1,217 மீட்டர்தான். எனினும் சமவெளியில் தனித்து எழுவதால் பன்மடங்கு உயர்ந்ததாகத் தோன்றும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அது கரையை உணர்த்தும் குறியாக விளங்கியது. இன்று அதன் உச்சிப்பகுதி வரை வாகனச் சாலை உண்டு. யான் பக்கத்து அடிவாரத்தில் தித்தி ஹாயுன் அருவியில் குடும்பங்கள் வார இறுதியில் நீராடும். மலாய்மொழியில் நீர்நிலையைக் குறிக்கும் 'கோலம்' என்னும் சொல் நம் 'குளம்' என்பதை மாணவர்கள் நீரில் இறங்குமுன் அறிந்துகொள்ளட்டும்.

மெர்போக்கில் உள்ள தொல்பொருள் அரும்பொருளகத்திற்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள். வெளி முற்றத்தில் சண்டிகள், அதாவது பழைய வழிபாட்டுக் கட்டடங்களின் அடித்தளங்கள், உள்ளன. பலர் இங்கே ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. அவற்றுள் சில வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டவை. புக்கிட் பத்து பாஹாட் சண்டி மட்டும் எழுப்பப்பட்ட இடத்திலேயே இன்றும் நிற்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் இப்பகுதியை அகழ்ந்து ஆராய்ந்தார். இச்சண்டி 1960ஆம் ஆண்டளவில் சீரமைக்கப்பட்டது. கருவறைப் பகுதியும் அதன் முன் மண்டபமும் தெளிவாகப் புலப்படும். தூண்களையும் கூரையையும் தேடாதீர்கள். அவை மரத்தாலானவை, மட்கிவிட்டன. தூண்களைத் தாங்கிய கற்களே எஞ்சியுள்ளன. அருகில் ஓடை சலசலத்துக்கொண்டிருக்கும். அங்கே சற்று அமருங்கள். நான் கண்ட பள்ளிக் குழுக்களுள் பெரும்பாலானவை படமெடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பேருந்துக்குத் திரும்பிவிட்டன.

அவ்வோடைக்கரையில்தான் ஒரு மாணவன் என்னிடம், "ஐயா, இது நாம் வென்ற ஊர்தானே?" என்றான்.

"தம்பி, உன் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன்.

"பீடோங், ஐயா."

"அப்படியானால் நீ வென்றவர் பக்கமா, தோற்றவர் பக்கமா?"

அவன் சிரித்துவிட்டான். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. மெய்க்கீர்த்தி என்பது வென்ற அரசன் தன்னைப் பற்றிப் பொறிக்கச் செய்தது. 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பை அது புகழ்கிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியதும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்ததும் லெய்டன் செப்பேட்டில் உள்ளன. மாணவனுக்கு வெற்றியை மட்டும் கற்பித்து, விகாரத்தை விட்டுவிட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. இவ்வட்டாரத்திலும் இதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த பழைய எழுத்துச் சான்றுகளுள் பெரும்பாலானவை வடமொழியில், பல்லவ எழுத்தின் வழிவந்த வடிவில் அமைந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுங்கை பத்துவில் 2009 முதல் நடைபெற்ற அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், காற்றூதப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும் பெருமளவில் வெளிப்பட்டன. வந்தவர்கள் வெற்றுக் கரையில் இறங்கவில்லை. தொழில் நடந்துகொண்டிருந்த ஊரில் இறங்கினர்.

இனி என் துறைக்கு வருகிறேன். வடமொழியில் 'கடாஹம்' என்றாலும் தமிழில் 'கடாரம்' என்றாலும் பெரிய சமையற்கலத்தைக் குறிக்கும். ஜெராய் மலையைக் கவிழ்த்த கொப்பரையாகக் கண்டு இப்பெயரிட்டனர் என்று விளக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கரையில் காதில் விழுந்த ஓர் உள்ளூர்ப் பெயரை, தமக்குத் தெரிந்த சொல்லின் சாயலில் அவர்கள் ஒலித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. சான்று தொலைவில் இல்லை. மலாய்மொழியில் 'பெத்தானி' என்றால் உழவர். பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் சுங்கை பெத்தானியைச் 'சுங்கை பட்டாணி' ஆக்கினர். இன்றும் நாளிதழில் அப்படியே எழுதுகிறோம். அவ்வூரில் பட்டாணி விளைந்ததென்று எவரும் கூறுவதில்லை. கப்பலில் வந்த வணிகனும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தொழிலாளியும் ஒரே முறையில்தான் ஊரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டனர். முதலாமவனை நாம் பாடநூலில் வைத்தோம். இரண்டாமவன் வழங்கிய பெயர்களைத் தொகுக்கவே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் அப்பெயர்களைச் சொல்வோரும் குறைந்துவருகின்றனர். கல்லுக்கும் இதே நிலைதான். 2013இல் நில மேம்பாட்டிற்காக இப்பள்ளத்தாக்கில் ஒரு சண்டியின் எச்சம் இடிக்கப்பட்டது. செய்தி வெளியானபோது கல் அங்கில்லை.

ஆகவே, ஆசிரியர்கள் அடுத்த சுற்றுலாவில் மாணவர்களிடம் வினாத்தாளோடு ஒரு வெற்றுத்தாளும் கொடுங்கள். மெர்போக்கிலும் பீடோங்கிலும் முதியவர்களிடம் பேசி, அவர்கள் ஆற்றையும் மேட்டையும் பழைய தோட்டப் பிரிவுகளையும் எப்பெயரால் அழைத்தனர் என்று எழுதிவரட்டும். ஒலித்தபடியே எழுத வேண்டும், திருத்தக்கூடாது.

நேரம் எஞ்சினால் மாலையில் தஞ்சோங் டாவாய் செல்லுங்கள். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் மீனவர் ஊர். நெத்திலிக் கருவாடு வாங்காமல் எவரும் திரும்புவதில்லை, நானும் திரும்பியதில்லை. அங்கிருந்து எதிர்க்கரையில் உள்ள பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் படகு செல்கிறது. பயணம் சில நிமிடமே. படகு நடு ஆற்றை அடைந்ததும் மாணவர்களைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கப்பலில் வந்தவர்கள் கண்ட ஜெராய் மலை அங்கே நிற்கும்.