அமைதி மேசையில் யாருக்கு நாற்காலி?



நம் ஊர்களில் சாதிக் கலவரம் நடந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். வீட்டை எரித்தவரையும் வீடு எரிந்தவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, 'இரு தரப்பும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தச் சொல்லின் சூது நமக்குத் தெரியும். பல நாடுகள் கூடி நடத்திய அமைதிப் பேச்சிலும் அதே சூதைப் பார்க்கிறோம். அதற்காகவே இந்த நினைவுநாளில் லைபீரியாவைப் பற்றிப் பேசுகிறோம்.

அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஆப்பிரிக்கா திரும்பியவர்கள் 1847இல் நிறுவிய குடியரசு அது. விடுதலை பெற்றவர்களே பூர்வகுடிகள்மேல் ஆண்டைகளாக அமர்ந்தார்கள். 1980இல் சாமுவேல் டோ இராணுவப் புரட்சியால் அந்த ஆட்சியைக் கவிழ்த்தார். பிறகு தம் இனக்குழுவுக்கே அதிகாரத்தைக் குவித்தார். 1989 இறுதியில் சார்லஸ் டெய்லரின் படை எல்லை தாண்டி நுழைந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் 1975இல் பொருளாதார ஒத்துழைப்புக்காகத் தொடங்கப்பட்டது. அது 1990 ஆகஸ்டில் தன் படையை மன்ரோவியாவில் இறக்கியது. உலகத்தின் பார்வை குவைத் பக்கம் இருந்த நேரத்தில் அண்டை நாடுகள் வந்தன என்பதை நாம் மதிக்கிறோம். அந்தப் படை சூறையாடியது, டெய்லருக்கு எதிரான ஆயுதக் குழுக்களுக்குத் துணைபோனது என்ற குற்றச்சாட்டுகளையும் மறைக்க மாட்டோம்.

ஒப்பந்தத்துக்குமேல் ஒப்பந்தம் போட்டார்கள். 1995இல் அபுஜாவில் ஆயுதக் குழுத் தலைவர்களுக்கே ஆட்சிக் குழுவில் இடம் தரப்பட்டது. 1997 தேர்தலில் டெய்லர் குடியரசுத் தலைவரானார். 1999இல் மறுபடியும் போர். துப்பாக்கி வைத்திருப்பவருக்குத்தான் நாற்காலி என்றால், நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர் துப்பாக்கியைத்தானே தேடுவார்?

2003இல் கானாவின் அக்ரா நகரில் எக்கோவாஸ் மறுபடி பேச்சு நடத்தியது. வாரக்கணக்கில் இழுத்தது. லேமா போவீயும் அவருடன் சென்ற பெண்களும் மண்டபத்து வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். முடிவெடுக்காமல் யாரும் வெளியேற முடியாது என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் பழைய அரசுக்கும் இரண்டு கிளர்ச்சிக் குழுக்களுக்கும் தலா ஐந்து அமைச்சகங்கள் பங்கு போடப்பட்டன.

துப்பாக்கிகள் ஓய்ந்தன. அது சிறிய விஷயமல்ல. ஆனால் நீதி? டெய்லருக்கு 2012இல் கிடைத்த ஐம்பதாண்டுத் தண்டனை, பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்கானது. லைபீரியாவில் தனி நீதிமன்றம் வேண்டுமென்று உண்மை ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. அதற்கான அலுவலகம் அமைக்கும் ஆணையே 2024இல்தான் வந்தது.

'வழக்கை வாபஸ் வாங்கு, ஊர் அமைதியாக இருக்கட்டும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். லைபீரியப் பெண்களின் மறியலை நம்முடையதாகவே கொள்கிறோம். அமைதி மேசையில் முதல் நாற்காலி பாதிக்கப்பட்டவருக்கு வேண்டும். கையெழுத்து போட்ட பின்னும் வழக்கு நடக்க வேண்டும்.

ஜெய்பீம்.